அதிகாரம் ஓர் அமானிதம்

(கிண்ணியாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



தலைமையின் நேர்மை என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். சட்டம் பயின்றவர்கள் இதனைப் பேசப் புகுந்தால் யாப்பையும் தீர்ப்பையும் நாடுவது வழக்கம். அவற்றுக்கு முன்னர், உங்கள் இல்லங்களில் வழங்கும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறோம். அச்சொல் அமானிதம். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைக் காப்பவன் அதற்கு உடைமைக்காரன் அல்லன். கேட்டபோது குறைவின்றித் திருப்பித் தரக் கடமைப்பட்டவன். வாக்குச்சீட்டினால் நீங்கள் ஒப்படைக்கும் அதிகாரமும் அத்தகையதே. கொடுத்த வாக்கைக் காக்க இயலாதபோதும், மாற்ற விரும்பும்போதும், அதிகாரத்தை மக்களிடமே மீளக் கொண்டுவருபவனே தலைவன்.

திருப்பிக் கொடுத்தவர்

இதற்கு எம் நாட்டிலேயே சான்று உண்டு. 1947ஆம் ஆண்டு காங்கேசன்துறைத் தொகுதியில் தெரிவானவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம். மறு ஆண்டு மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோயிற்று. அவருடைய கட்சித் தலைவரோ அவ்வாண்டே அமைச்சரானார். தலைவரின் பின்னே சென்றிருந்தால் செல்வநாயகத்துக்கும் சுகமான ஆசனம் கிடைத்திருக்கும். அவர் செல்லவில்லை. 1949 டிசம்பர் 18ஆம் நாள் தமிழரசுக் கட்சி தோன்றியது. 1952இல் சொந்தத் தொகுதி மக்களே அவரைத் தோற்கடித்தனர். கட்சி வென்ற ஆசனங்கள் இரண்டே. ஒன்று கோப்பாய், மற்றொன்று இந்தத் திருகோணமலை. தோற்றதற்காக அவர் கொள்கையை விற்றாரா? இல்லை. அதே கொள்கையோடு நின்று 1956இல் வென்றார்.

1972 மே 22ஆம் நாள் குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தது. தமிழ் மக்கள் இதனை ஏற்கவில்லை என்றார் அவர். அதை மெய்ப்பிக்க, ஒக்டோபர் 3ஆம் நாள் தம் ஆசனத்தையே துறந்து, மக்களிடம் கேட்போம் வாருங்கள் என்று அரசாங்கத்தை அறைகூவினார். இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி 6ஆம் நாள் வரை இழுத்தடிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 76, உடலும் தளர்ந்திருந்தது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெரும்பான்மையால் மக்கள் அவரை மீண்டும் அனுப்பினர். அவருடைய அரசியல் முடிவுகள் அனைத்தையும் இவ்வூரவர் ஏற்கவேண்டும் என்று நாம் கூறவரவில்லை. பெற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கேட்ட அந்தத் துணிவைப் பாருங்கள் என்கிறோம்.

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. 1956இல் அதே கட்சியின் பெயரால் கல்முனையிலும் பொத்துவிலிலும் வென்ற இருவர், பின்னர் அரசாங்கத் தரப்பை அடைந்தனர். அவர்களுக்குக் காரணங்கள் இருந்திருக்கலாம். அக்காரணங்களை வாக்காளர்முன் வைத்து மறுவாக்குக் கேட்டிருந்தால், அதுவும் நேர்மையே ஆகியிருக்கும்.

நூற்று நாற்பத்தெட்டும் நூற்றைம்பதும்

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2020 ஒக்டோபர் 22ஆம் நாள் இருபதாவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. மூன்றில் இரண்டுக்கு வேண்டியவை 150. எதிரணி வரிசையில் தெரிவாகிச் சென்ற எண்மர் கைகொடுத்தனர். அவர்களைக் கழித்துவிட்டால் எஞ்சுவது 148. ஒரு கட்சியின் தலைவர் எதிர்த்து வாக்களிக்க, அவருடைய உறுப்பினர்களே ஆதரித்து வாக்களித்த விந்தையும் அன்று நிகழ்ந்தது. நம் ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது! அதே வேளையில், தனியொருவர் கையில் அதிகாரத்தைக் குவிக்க நம் வாக்கே பயன்பட்டது. பெயர்களை இங்கே அடுக்க வேண்டியதில்லை, நீங்கள் அறிவீர்கள்.

அந்தக் குவிந்த அதிகாரம் நாட்டை எங்கே கொண்டு சென்றது? 2023 நவம்பர் 14ஆம் நாள் உயர் நீதிமன்றம் விடை சொன்னது. முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் உள்ளிட்டோர் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பாகிப் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. உங்கள் முன்னோர் அமானிதம் என்றதையே நீதியரசர்கள் பொதுநம்பிக்கை என்றார்கள்.

படகுப் பாதை கேட்கும் கேள்வி

அதிகாரம் வேண்டும், பொறுப்பு வேண்டாம் என்பது மற்றொரு நோய். 2021 நவம்பர் 23ஆம் நாள் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில், மக்களை ஏற்றிச் சென்ற படகுப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிஞ்சுகளும் நீரில் மாண்டனர். அந்தத் துயரை உங்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. யார் அனுமதித்தார், யார் மேற்பார்த்தார் என்று குழந்தையைப் பறிகொடுத்த தாய் கேட்கிறாள். அடிக்கல்லில் பெயர் பொறிக்க முந்துவோர் அக்கேள்விக்கும் முன்வந்து மறுமொழி கூறவேண்டாமா?

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில், எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி பத்துக் கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று 2023 ஜனவரி 12ஆம் நாள் உயர் நீதிமன்றம் பணித்தது. நாட்டின் உச்சப் பதவிக்கே அந்த விதி என்றால், உள்ளூர்ச் சபைக்கும் திணைக்களத்துக்கும் விலக்கு ஏது?

நாம் செய்யவேண்டியவை

தலைவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நம்மவர், நம் ஊரவர், மகனுக்கு வேலை எடுத்துத் தந்தவர் என்று நாமே அவர்களை மன்னித்து வருகிறோம். வேலையும் வீதியும் அவர்களின் கொடையல்ல. நாம் செலுத்திய வரியின் பயன். அதற்கு நன்றிக்கடனாக மனச்சாட்சியை ஈடு வைக்காதீர்கள்.

ஆகவே, மூன்று செய்யுங்கள். ஒன்று: வாக்குக் கேட்டு வருபவரிடம், எவ்விடயங்களில் உங்களைக் கேளாது அணி மாறமாட்டார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். நகர சபையின் செலவையும் ஒப்பந்தத்தையும் கேட்டுப் பெற்றுப் பாடசாலை மண்டபத்தில் உரத்து வாசியுங்கள். மூன்று: 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி உங்கள் உறுப்பினர் சொத்து விவரம் கொடுத்தாரா என்று கேளுங்கள். இதே கேள்விகளை எம்மை நோக்கியும், எம் கட்சியை நோக்கியும் கேளுங்கள். அதற்கு அஞ்சும் அமைப்பாளர் எவரும் இம்மேடைக்கு ஏறத் தகுதியற்றவர்.

கணக்குக் கேட்கும் மக்கள் இருக்கும் ஊரில் நேர்மையற்ற தலைமை நிலைக்காது. கிண்ணியா அத்தகைய ஊராகுக!