அம்ரிதா தீட்டிய முகங்கள்

உருவப்படம் என்பது நெடுங்காலம் செல்வர்க்கே உரிய கலையாக இருந்தது. மன்னரும் பிரபுக்களும் பொருள் அளித்தனர்; ஓவியர் அவர்தம் முகங்களைத் தீட்டினர். பொருள் அளிக்க இயலாதவர் முகத்தை யார் தீட்டுவார்? இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் பெண் ஓவியர்க்குத் தனி இடம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு.

இத்தாலி நாட்டுக் கிரெமோனா நகரில், மறுமலர்ச்சிக் காலத்தில், ஏறத்தாழ 1532-இல் சொபோனிஸ்பா அங்குவிசோலா பிறந்தார். ஆடையற்ற மனித உடலை நேரில் நோக்கி வரையும் பயிற்சி, பெண் என்பதால் அவருக்குக் கிட்டவில்லை. அப்பயிற்சி இன்றிப் பெரிய சமயக் காட்சிகளைத் தீட்டுதல் அரிது. ஆகவே அவர் வீட்டிலிருந்த முகங்களை நோக்கினார். 1555-இல் தம் தங்கையர் மூவர் சதுரங்கம் ஆடுவதைத் தீட்டினார். அருகே நின்று ஆட்டத்தைப் பார்க்கும் முதிய பணிப்பெண்ணின் முகத்தையும் அதே அன்புடன் தீட்டினார். பின்னர் ஸ்பெயின் அரசவை அவரை அழைத்தது. அங்கு அவர் வரைந்த படங்கள் சில நெடுங்காலம் ஆண் ஓவியர் பெயரால் வழங்கின.

மூன்று நூற்றாண்டுகள் கழிந்தும் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. பாரிசிலுள்ள அரசு நுண்கலைப் பள்ளி 1897-இல்தான் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஸ்ரீ அன்னை என்று புதுவை அறிந்த மீரா அல்பாசா, இளமையில் ஓவியம் பயின்றது ஜூலியன் என்னும் தனியார் பள்ளியிலே ஆகும்.

அவ்வாறு திறந்த கதவின் வழியே பிற்காலத்தில் நுழைந்தவர் அம்ரிதா ஷெர்கில். 1913-இல் புடாபெஸ்ட் நகரில், சீக்கியத் தந்தைக்கும் ஹங்கேரியத் தாய்க்கும் பிறந்தவர் அவர். 1929-இல் பாரிஸ் சென்று, அந்நுண்கலைப் பள்ளியில் லூசியன் சீமோனிடம் பயின்றார். அவரும் தம் முகத்தையே பலமுறை தீட்டினார். தங்கை இந்திராவை எதிரே அமர்த்தித் தீட்டினார். தங்கையும் தோழியும் அமர்ந்திருக்கும் 1932-ஆம் ஆண்டின் ‘இளம்பெண்கள்’ என்னும் ஓவியம், மறு ஆண்டே பாரிஸ் கலைக்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது.

அப்புகழோடு அவர் பாரிசிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் 1934-இன் இறுதியில் இந்தியா திரும்பினார். சிம்லாவில் மலைவாழ் ஆடவரையும் பெண்டிரையும் தீட்டினார். 1935-இல் தீட்டிய ‘மூன்று பெண்கள்’ என்னும் ஓவியத்தில் ஒருத்தியேனும் நம்மை நோக்கவில்லை, ஒருத்தியும் சிரிக்கவில்லை. தமக்கென வகுக்கப்பட்ட வாழ்வுக்குக் காத்திருப்பவர் போல் அவர்கள் அமைதியாய் அமர்ந்திருக்கின்றனர். பின்னர் அஜந்தாவைக் கண்டார். தெற்கே குமரிமுனை வரை வந்தார். அப்பயணத்தின் பயனாக 1937-இல் மணமகளின் ஒப்பனை, பிரமசாரிகள், சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார் ஆகிய மூன்று ஓவியங்கள் பிறந்தன.

வறுமையை அவர் அழகாக்கிவிட்டார் என்று குறை கூறுவாரும் உளர். அக்குறையை எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும் அவர் அம்முகங்களுக்குப் பொய்ச்சிரிப்பு ஒன்றைப் பூட்டவில்லை. நம் இரக்கத்தை வேண்டி அவற்றைக் கையேந்தவும் வைக்கவில்லை. அரசர்க்கு உரியதாயிருந்த பெருமிதத்தை உழைப்பவர்க்கு அளித்தார். அதுவே அவர் செய்த புதுமை.

1941 டிசம்பர் 5-ஆம் நாள், இருபத்தெட்டாம் வயதில், லாகூரில் அவர் மறைந்தார். 1976-இல் அவர் ஓவியங்கள் நாட்டின் கலைச்செல்வமென அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பல புதுதில்லித் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளன.

இன்று அரியாங்குப்பத்துப் பாரதியார் பல்கலைக்கூடத்தில் நம் பெண்கள் தடையின்றி ஓவியம் பயில்கின்றனர். கதவு திறந்துவிட்டது, காணும் கண்ணும் திறத்தல் வேண்டும். குபேர் அங்காடியில் மீன் விற்கும் மூதாட்டியின் முகம் இன்னும் ஓர் ஓவியரை எதிர்நோக்கியே இருக்கிறது.