யாழ்க்கோடும் இரும்புக் குழாயும்



கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்தைக் கற்பிக்கும்போதெல்லாம் ஒரு குறளிடம் நான் சற்றுத் தங்குவதுண்டு. அம்பு நேரானது, ஆனால் கொல்வது. யாழின் கோடு வளைந்தது. ஆனால் இசை தருவது. தோற்றத்தை விட்டுச் செயலைக் கொண்டே மனிதரை அளக்கவேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. இதனைப் பல்லாண்டு காலமாக மாணவருக்கு விளக்கிவந்த எனக்கு, வளைவு ஒன்றைச் செம்மையாக உண்டாக்குவது எத்துணைக் கடினம் என்பது சென்ற ஆண்டிலேதான் தெரியவந்தது.

கண்டியிலே வீடென்றால் படிகளும் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்க 32 படிகள். முழங்கால் வலியினால் என் தாயார் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு வெள்ளிதோறும் போய்வருவதை நிறுத்திவிட்டார். படியோரமாகக் கைபிடிக் குழாய் ஒன்று பொருத்தித் தருவதாகச் சொன்னேன். ஆனால் படிகள் நடுவிலே திரும்புகின்றன. அங்கே குழாயும் திரும்பவேண்டும். ஓரிடத்திலே கூலி கொடுத்து வளைப்பித்து வந்தேன். வளைந்த இடம் நசுங்கி, மடிப்பு விழுந்திருந்தது. அம்மா அதன்மீது கையை ஓட்டிப் பார்த்தார். "இந்த இடத்தில கை தடக்குது, தம்பி" என்றார். தடக்குமிடத்திலே கை நிற்கும். கை நின்றால் கால் தடுமாறும்.

குழாய் ஏன் நசுங்குகிறது? வளைக்கும்போது அதன் வெளிப்புறம் இழுபட்டு மெலிகிறது. உட்புறம் நெருக்குண்டு சுருங்குகிறது. நடுவிலே வெறும் காற்று. தாங்குவாரில்லாத சுவர் உள்ளே விழுந்துவிடுகிறது. ஆகவே, வளையும் வேளையில் குழாயை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் கருவி வேண்டும். விலைக்கு வாங்க என் சம்பளம் இடந்தரவில்லை. நானே செய்யத் துணிந்தேன்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலே ஒரு கடைசல் பட்டறை. அதை நடத்துபவர் வயது முதிர்ந்த சிங்களவர். எல்லோருக்கும் அவர் 'பாஸ்'. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. ஆங்கிலத்திலே அதே சொல் முதலாளியைக் குறிக்கலாயிற்று; நம் நாட்டிலோ கைத்தொழில் வல்லவனுக்குரிய மரியாதையாக நிலைத்தது. சனிக்கிழமை பிற்பகல்களில் பட்டறையின் ஒரு மூலையை எனக்கு இரவல் தந்தார். நிபந்தனை இரண்டு. எடுத்ததை எடுத்த இடத்திலே வைக்கவேண்டும். போகுமுன் கூட்டிவிட்டுப் போகவேண்டும்.

பழைய இரும்புக் கப்பி ஒன்றின் பள்ளத்தைக் குழாயின் அரைவட்டத்துக்கு ஒப்பப் பாஸ் கடைந்து தந்தார். அறுப்பது, துளையிடுவது, அரத்தால் தேய்ப்பது என் பங்கு. கப்பியைத் தடித்த தகட்டிலே இறுக்கினோம். அதன் மையத்திலே சுழலும் நீண்ட நெம்புகோல். அந்நெம்புகோலிலே பள்ளமிட்ட சிறிய உருளை. குழாயின் நுனியைப் பிடிக்க ஒரு கொளுக்கி. நெம்புகோலை இழுத்தால், உருளை குழாயைக் கப்பியோடு அணைத்தபடியே சுற்றிவரும். அவ்வளவுதான் கருவி.

முதற் குழாய் நசுங்கிற்று. கப்பிக்கும் உருளைக்கும் இடையே சிறிது தளர்வு இருந்தது. அதைச் சரிசெய்து, நன்றாக உலர்ந்த ஆற்றுமணலைக் குழாயினுள் தட்டித்தட்டி நிரப்பி, இருமுனையையும் மர ஆப்பினால் அடைத்தேன். "காய்ச்சி வளைப்பதானால் ஈரமணல் கூடாது. உள்ளே ஆவி பெருகி வெடிக்கும்" என்று பாஸ் எச்சரித்தார். நாங்கள் காய்ச்சவில்லை. ஒட்டுத் தையல் உள்ள பக்கம் வெளியிலும் உள்ளிலும் வராமல் பக்கவாட்டிலே அமையும்படி குழாயைத் திருப்பி வைக்கவும் அவரே காட்டித்தந்தார். இழுபடுவதும் நெருக்குண்பதும் அவ்விடத்திலேதான் குறைவு.

இம்முறை வளைவு வழுவழுப்பாக வந்தது. ஆனால் செங்கோணத்திலே நிறுத்தி நெம்புகோலை விட்டதும் குழாய் சற்றுப் பின்வாங்கிவிட்டது. பாஸ் சிரித்தார். "இரும்புக்கும் பழைய ஞாபகம் இருக்கும், சேர். கொஞ்சம் கூட வளையுங்கள், அதுவாகத் திரும்பி வரட்டும்" என்று சிங்களத்திலே சொன்னார். எவ்வளவு கூட என்பதற்குப் பொதுக்கணக்கு இல்லை. அந்தந்தக் குழாயின் துண்டிலே சோதித்தே அறியவேண்டும். மாணவரிடமும் இப்படித்தானே என்று ஆசிரிய மனம் எண்ணிக்கொண்டது.

அந்த மூலையிலே ஆனந்த குமாரசுவாமியை நான் அடிக்கடி நினைத்ததுண்டு. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர். கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கை வந்த அறிவியலாளர். அவர் கண்டிச் சீமைக் கைவினைஞரின் தொழிலை நுணுகிக் கற்று, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908இல் வெளியிட்டார். வில்லியம் மோரிஸ் சோசரின் நூலை அச்சிட்ட அதே கைப்பொறியிலேதான் அந்நூலும் அச்சாயிற்று. கைத்தொழிலைப் பற்றி எழுதியவர் தம் நூலையும் கைத்தொழிலாகவே ஆக்கினார். பிறர் பட்டறையிலே பணிவோடு நின்று கற்பது தமிழனுக்குப் புதிதன்று என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

வேலை முடிந்தது. கருவிக்குரிய கூலியைக் கேட்டேன். பாஸ் காசு வேண்டாமென்றார். "இதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்" என்றார். விட்டுவந்தேன். அண்மையிலே அப்பக்கம் போனபோது, பட்டறைப் பையன் ஒருவன் அதிலே தள்ளுவண்டிக்குக் கைபிடி வளைத்துக்கொண்டிருந்தான். அதைச் செய்தவன் யாரென்று அவனுக்குத் தெரியாது, தெரியவேண்டியதுமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா படியிறங்கினார். திருப்பத்திலே என்ன சொல்வாரோ என்று நான் கீழே காத்துநின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோயில் மணி கேட்கிறதா என்று என்னை வினவியபடியே வந்தார். அவர் கை வளைவைக் கடந்துவிட்டிருந்தது.