கணினித் திரை: வரவேற்பும் வழியனுப்புதலும்

(அறக்கட்டளை ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)

 

தமிழாசிரியன் ஒருவன் கணினித் திரையைப் பற்றிப் பேச வருகின்றான் என்றவுடன் சிலர் முகத்தில் புன்னகை அரும்புவதைக் காண்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையையே திரையாகக் கொண்டு வாழ்ந்தவன் நான். ஓய்வு பெற்ற பின்னரே பெயர்த்தியின் துணையால் கணினியில் தட்டச்சு செய்யக் கற்றேன். ஆகவே பொறியாளனாக அன்றி, பிழை செய்து கற்றுக்கொண்டவனாகவே உங்கள்முன் நிற்கிறேன். அப்பிழைகளுள் ஒன்று சிறிது, மற்றொன்று பெரிது. சிறியதிலிருந்து தொடங்குகிறேன்.

புதிய திரை வந்த அன்று பெட்டியைத் திறந்து, அதன் முகப்பில் கட்டைவிரல்களை அழுத்தித் தூக்கினேன். பெயர்த்தி பதறிப்போய், "தாத்தா, அங்கே பிடிக்காதீர்கள்! ஓரத்தைப் பிடியுங்கள்!" என்று கூவினாள். அவள் கூற்று முற்றிலும் சரி. தட்டைத் திரை என்பது இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கிடையே நீர்மப் படிகம் என்னும் பொருளை அடைத்து வைத்த அமைப்பு. 1888ஆம் ஆண்டில் ரைனிட்சர் என்னும் ஆஸ்திரியத் தாவரவியலறிஞர், கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளை ஆராயும்போது, அது திண்மத்திற்கும் நீர்மத்திற்கும் இடைப்பட்ட நிலையில் நிற்பதைக் கண்டார். அன்று வியப்புக்குரிய ஒன்றாக மட்டும் இருந்த அந்நிலையே இன்று நம் மேசைமேல் எழுத்தாகவும் படமாகவும் விளங்குகிறது. மின்னழுத்தத்திற்கேற்ப அப்படிகங்கள் திரும்புகின்றன. பின்னாலுள்ள விளக்கின் ஒளி சில இடங்களில் ஊடுருவுகிறது, சில இடங்களில் தடைபடுகிறது. நீர்மப் படிகத் திரைக்குத் தன்னொளி கிடையாது. பின்விளக்கின் ஒளியையே அது வடித்துத் தருகிறது. முகப்பில் விரலால் அழுத்தினால் உள்ளிருக்கும் அடுக்கு பழுதுபட்டு, நீங்காத கறை விழக்கூடும்.

ஆகவே திரையை வெளியில் எடுத்ததும், மேசைமேல் மெத்தென்ற துணியை விரித்து, அதன்மேல் முகங்குப்புறக் கிடத்தித் தாங்கியைப் பொருத்துங்கள். சுவரில் மாட்ட விரும்புவோர் பின்புறத்தில் நான்கு திருகுத் துளைகள் உள்ளனவா என்று பாருங்கள். அத்துளைகள் பெரும்பாலும் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் சதுரமாக அமைந்திருக்கும். அதே அளவுடைய தாங்கியையே வாங்குதல் வேண்டும். கேபிள்களை இணைத்த பின்னரே மின்சாரம் தருக. கணினியிலும் திரையிலும் எச்.டி.எம்.ஐ. துளை இருப்பின் அதையே பயன்படுத்துங்கள். பதினைந்து ஊசிகளுடைய பழைய வி.ஜி.ஏ. கேபிளைவிட அதில் எழுத்து தெளிவாகத் தெரியும். வெற்றுப் பெட்டியை உடனே எறிந்துவிடாதீர்கள். அதன் பயன் இவ்வுரையின் இறுதியில் விளங்கும்.

திரை ஒளிர்ந்ததும் என் கண்ணுக்கு எழுத்துகள் சிறுத்துத் தோன்றின. அவற்றைப் பெரிதாக்க எண்ணித் திரையின் தெளிவுத்திறனைக் குறைத்துவிட்டேன். எழுத்து பெரிதாயிற்று, ஆனால் நனைந்த தாளில் எழுதியதுபோல் மங்கிற்று. இதன் காரணம் எளிது. இன்று பரவலாக உள்ள திரைகளில் கிடைமட்டமாக 1920, செங்குத்தாக 1080 படப்புள்ளிகள் உள்ளன, மொத்தம் 20,73,600. ஒவ்வொன்றிலும் செம்மை, பசுமை, நீலம் என்னும் மூன்று நுண்புள்ளிகள். இவை தொழிற்சாலையிலேயே நிலையாக அமைக்கப்பட்டவை. குறைந்த எண்ணிக்கையைத் தேர்ந்தால், பொருந்தாத அச்சில் வார்த்ததுபோல் எழுத்தின் விளிம்பு கரைகிறது. 'ன'கரமும் 'ண'கரமும் வேறுபாடின்றித் தெரிந்தால் தமிழாசிரியன் என்ன செய்வான்? தெளிவுத்திறனை இயல்பான அளவிலேயே வைத்து, எழுத்தின் அளவை மட்டும் 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்துவதே முறை.

திரையை வைக்குமிடத்திற்கும் ஓர் இலக்கணம் உண்டு. அது கண்ணிலிருந்து கைநீட்டும் தொலைவில், ஏறத்தாழ 50 முதல் 75 சென்டிமீட்டர் அளவில் இருத்தல் வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுத் தாழ்ந்தோ இருப்பது நன்று. என்னைப்போல் இருகுவியக் கண்ணாடி அணிந்தோர் இன்னும் சற்றுத் தாழ்த்துக. இல்லையேல் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே படிக்கத் தலையை அண்ணாந்து, பிடரியில் நோவு வருவித்துக்கொள்வோம். சன்னல் நமக்கு முன்னாலும் வேண்டா, பின்னாலும் வேண்டா, பக்கவாட்டில் இருக்கட்டும். திரையருகே ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். திரை அத்தாளைவிடப் பளீரென்று தோன்றினால் ஒளியைக் குறையுங்கள். மங்கித் தோன்றினால் கூட்டுங்கள்.

திரையை உற்று நோக்கும்போது நாம் இமைப்பதையே மறந்துவிடுகிறோம். அதனாலேயே கண் வறண்டு எரிகிறது. இருபது நிமிடத்திற்கொருமுறை இருபதடித் தொலைவிலுள்ள ஏதேனும் ஒன்றை இருபது நொடி நோக்குங்கள் என்பர் கண் மருத்துவர். முற்றத்து முருங்கையோ எதிர்வீட்டுத் திண்ணையோ போதும்.

துடைப்பதிலும் கவனம் தேவை. திரையை அணைத்து, மென்மையான நுண்ணிழைத் துணியால் மெல்லத் துடையுங்கள். கறை இருப்பின் துணியைச் சிறிது நீரில் நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். திரைமேல் நேராக நீரைத் தெளித்தால் அது கீழ்விளிம்பு வழியே உள்ளே இறங்கும். சன்னற் கண்ணாடிக்குரிய மருந்துநீர் மேற்பூச்சைக் கெடுத்துவிடும். பயன்படுத்தாத வேளையில் திரை தானே உறங்குமாறு அமைத்திடுங்கள். 25 வாட் திரை எட்டு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்டில் ஐந்திலொரு பங்கு செலவாகும். ஒரு வீட்டிற்கு இது சிறு தொகைதான். எனினும் யாரும் பாராத திரைக்கு அதைத்தானும் ஏன் செலவிட வேண்டும்?

இனி என் பெரிய பிழைக்கு வருகிறேன்.

புதிய திரை வருவதற்கு முன் என்னிடம் பழைய தட்டைத் திரை ஒன்று இருந்தது. ஒருநாள் அதன் ஒளி மங்கிற்று. தெருவில் வந்த பழைய சாமான்காரரிடம் ஐம்பது ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு, இடம் தூய்மையாயிற்று என்று மகிழ்ந்தேன். சில நாள்கள் கழித்து, வேறொரு பொருளைத் தேடி ஊர்ப்புறத்துக் காயலான் கடைக்குச் சென்றேன். கடை உரிமையாளர் என் பழைய மாணவர்; எழுந்து நின்று நாற்காலி தந்தார். பின்புறத்தில் பதினைந்து, பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன், கையுறையின்றித் திரைகளைச் சுத்தியலால் உடைத்து, உள்ளிருந்த தகட்டையும் பலகையையும் பிரித்துக்கொண்டிருந்தான். அவற்றுள் ஒன்றின் பின்புறத்தில் என் பெயர்த்தி குழந்தைப் பருவத்தில் ஒட்டிய மயில் படம் இருந்தது. அது என் திரை.

சிறுவன் விரல்களில் கண்ணாடி கீறிய தழும்புகள். சற்றுத் தள்ளிக் கேபிள்கள் செம்புக்காக எரிந்துகொண்டிருந்தன. அக்கரும்புகை அவன்மீதே வீசிற்று. "தம்பி, இதில் நஞ்சு உண்டே, தெரியுமா?" என்றேன். அவன் சிரித்தான். உரிமையாளரைக் கடிந்துகொள்ளலாம் என்று திரும்பினேன். அவர் மிக்க பணிவுடன் கூறினார்: "ஐயா, நீங்கள் எல்லாரும் இதைத்தானே எங்களிடம் கொடுக்கிறீர்கள்? கொடுப்பவர் நிறுத்தினால் உடைப்பவரும் நிறுத்துவோம்." என்னிடம் மறுமொழி இல்லை. மாணவருக்குப் பாடம் சொன்னவன் அன்று மாணவரிடம் பாடம் கேட்டுத் திரும்பினேன்.

அதன்பின்னரே இப்பொருளைப் பற்றித் தேடிப் படித்தேன். பழைய தட்டைத் திரைகளில் பின்விளக்காக அமைந்தவை பென்சிலினும் மெல்லிய குழல்விளக்குகள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. குழல் உடைந்தால் அது ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இன்றைய எல்.இ.டி. பின்விளக்குகளில் பாதரசம் இல்லை. எனினும் சுற்றுப்பலகைகளும் நெகிழியும் எரியும்போது எழும் புகை கொடிது. பழைய பற்றாசில் ஈயமும் இருந்தது.

பாதரசம் என்ன செய்யும் என்பதை உலகம் ஜப்பான் நாட்டு மினமாட்டாவில் கண்டது. ஆலைக்கழிவிலிருந்த பாதரசம் கடலில் கலந்து, மீன்வழியே மக்களின் நரம்புகளைத் தாக்கியது. அந்நோய் 1956இல் முறையாக அறியப்பட்டது. அவ்வூரின் பெயராலேயே 2013இல் ஏற்பட்ட பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியாவும் இணைந்துள்ளது. நம் மாநிலத்திலேயே கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானி ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, 2001இல் அவ்வூர்ப் பழைய பொருள் கடை ஒன்றில் குவிந்து கிடந்ததைப் பொதுமக்கள் வெளிக்கொணர்ந்தனர். அவ்வாண்டே ஆலை மூடப்பட்டது. மீண்டும் ஒரு பழைய பொருள் கடை! நாம் வேண்டாவென்று கழிப்பன எல்லாம் ஏதோ ஓர் ஏழையின் கையில்தான் போய்ச் சேர்கின்றன.

முற்காலத்தில் பழுதுற்ற ஓலைச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் இருந்ததைத் தமிழ் கற்றோர் அறிவோம். அதனால் அரிய நூல்கள் அழிந்தன. அது தமிழுக்கு நேர்ந்த இழப்பு. ஆயினும் ஆற்றுக்கு அதனால் கேடில்லை. ஓலை மக்கி மண்ணாயிற்று. இன்று நாம் படிக்கும் ஏடு திரையாகிவிட்டது. இவ்வேட்டை ஆற்றில் விட்டாலும் குப்பையில் இட்டாலும் மண்ணும் நீரும் கெடும். நீரையும் வடிகட்டிப் பருகும் வழக்கமுடையது நம் குடி. அப்படிப்பட்ட நாம் நம் கழிவை மட்டும் வடிகட்டாமல் விடலாமா?

செய்யத்தக்கது யாது? முதலில், பழுதென்று உடனே முடிவு செய்யாதீர்கள். இருண்ட அறையில் திரையின்மேல் கைவிளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சுங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால், திரை நன்றாகவே உள்ளது. பின்விளக்கோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியோதான் பழுது. பல வேளைகளில் சிறிய மின்தேக்கி ஒன்றை மாற்றினாலே திரை மீண்டும் உயிர்பெறும். ஆனால் நீங்களே திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும். பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். நன்றாக இயங்கும் திரை தேவையில்லையெனில், படிக்கும் பிள்ளை ஒருவனுக்கு வழங்குங்கள்.

இரண்டாவதாக, உண்மையிலேயே பயனற்றுப்போனால் அதனை மின்னணுக் கழிவாகவே கருதுங்கள். நம் நாட்டில் 2022இல் வகுக்கப்பெற்ற மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, விற்ற பொருளுக்கு ஈடாகக் குறிப்பிட்ட அளவு கழிவு மறுசுழற்சியாவதற்கு உற்பத்தியாளரே பொறுப்பு; மறுசுழற்சி செய்வோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். ஆகவே "பதிவு உண்டா? பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு தருவீர்களா?" என்னும் இரு வினாக்களைக் கேட்டபின் கொடுங்கள். விலை குறைவாகக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். காயலான் கடையில் கிடைக்கும் அந்த ஐம்பது ரூபாய், ஒரு சிறுவனின் மூச்சிலிருந்து எடுத்துத் தரப்படும் பணம் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, திரையை உடையாமல் கொண்டுசெல்லுங்கள். முன்னர் எறியவேண்டா என்று கூறிய பெட்டி இங்கேதான் பயன்படும். எதிர்பாராமல் பழைய திரையின் உள்விளக்கு உடைந்துவிட்டால், குழந்தைகளை அப்புறப்படுத்திச் சன்னல்களைத் திறந்துவையுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், கையுறை அணிந்து, கெட்டியான தாளால் சில்லுகளை அள்ளி, மூடியுள்ள கலத்தில் இட்டு மூடுங்கள்.

நிறைவாக, அறங்காவலர் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் குடும்பங்கள் பல ஊர்களில் சிதறி வாழ்கின்றன. ஓரிரு திரைகளுக்காகச் சிற்றூர்களுக்கு மறுசுழற்சியாளர் வருவதில்லை. ஆனால் ஆண்டுக்கொருமுறை நாம் அனைவரும் இவ்விழாவில் கூடுகிறோம். அடுத்த ஆண்டு முதல், வரும்போது வீட்டில் உறங்கும் பழைய திரையையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவோம். இம்மண்டபத்தின் ஓர் அறையில் அவற்றைச் சேர்த்துப் பதிவு பெற்ற ஒருவரை வரவழைத்து, சீட்டுப் பெற்று ஒப்படைப்போம். அறங்காவலர் குழு இசைந்தால், கணக்கெழுதும் பணியை நான் ஏற்கிறேன். என் பழைய மாணவரிடமும் பேசியிருக்கிறேன். திரைகளைப் பாதுகாப்பாக ஏற்றிச்செல்லத் தம் வண்டியைத் தர அவர் இசைந்துள்ளார். அன்று அவர் கேட்ட கேள்விக்கு நான் சொல்லக்கூடிய மறுமொழி இது ஒன்றே.