கல்லேறிய ஆசானும் கல்லேறாத மாணாக்கனும்
(சோமனூரில் நிகழ்த்திய உரை)

தறியொலியே தாலாட்டாகிய இவ்வூரில், "உனக்கு நெசவு கற்பித்தவர் யார்?" என்று எவரைக் கேட்டாலும் விடை உடனே வரும். தந்தை என்பர், தாய்மாமன் என்பர், அடுத்த பட்டறைக்காரர் என்பர். அவருக்குக் கற்பித்தவர் யார் என்றால் விடை தயங்கும். அவருக்கும் முன்னவர் யார் என்றால் விடையே இராது. தொழிலை வழிவழி காத்த ஓரினம், கற்பித்தவன் பெயரையும் கற்றவன் பெயரையும் எங்கே எழுதி வைத்தது?

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறை உண்டு. பல்லவர் காலத்துத் தொழிலாளர் தம் பெயர்களை அதில் வெட்டியுள்ளனர்: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, திருவொற்றியூர் அபாசர், கொல்லன் சேமகன். உளிக்குக் கூரேற்றும் கொல்லனின்றிக் கல்தச்சன் இல்லை. ஆகவே அவனுக்கும் அங்கே இடம் கிடைத்தது. பெருந்தச்சன் என்னும் சிறப்போ ஒருவனுக்கே உரியதாயிற்று. குணமல்லன் அவனிடம் பயின்றவனா, அவனோடு உழைத்தவனா? பாறை வாய் திறக்கவில்லை.

தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டு வாய் திறக்கிறது. இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டை, அஃதாவது கி.பி. 1014ஐ ஒட்டி வெட்டப்பெற்ற அப்பட்டியலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் உள்ளன. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அதே பட்டியலில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனும், நித்தவினோதப் பெருந்தச்சனும், கண்டராதித்தப் பெருந்தச்சனும் வருகின்றனர். மூவரும் பெருந்தச்சரே! எனவே பட்டத்தை மட்டும் பார்த்து ஆசானைத் தேடுபவர் ஏமாறுவர். எவருக்கு எந்தப் பணி, எத்துணைப் பங்கு என்பதையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

அக்கல்வெட்டின் உயிர்நிலை அதன் முறைமைப் பகுதியில் உள்ளது. பங்கு பெறுவோர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ, அணுக்க உறவினர் அப்பணியைச் செய்து நெல்லைப் பெறுவர். உறவினர் தாமே தகுதியுடையரல்லரேல், தகுதியுடையாரைக் கொண்டு செய்விக்க வேண்டும். உறவினரே இல்லையேல், அப்பணியில் இருப்போர் தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உறவுக்கு முதலிடம் தந்த அக்காலமும், பிறந்த அளவிலேயே ஒருவன் தொழில் வல்லவனாகிவிடுவான் என்று நம்பவில்லை. 1953இல் அரைநாட் பள்ளியும் அரைநாட் குலத்தொழிலும் எனத் திட்டம் வகுத்தோர் இவ்வரிகளைப் படித்ததாகத் தெரியவில்லை. தமிழ்நாடு கொதித்தெழ, 1954இல் அத்திட்டம் வீழ்ந்தது.

தில்லை வடக்குக் கோபுரத்துள் 16ஆம் நூற்றாண்டுத் தச்சர் சிலரின் உருவங்கள் பெயரோடு நிற்கின்றன. சேவகப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து. திருமருங்கன், அவர் தம்பி காரணாசாரி. மகன், தம்பி என்னும் சொற்களே இங்குத் தேடுவோர்க்குத் துணை. மாணாக்கன் என்று தனியே குறிக்காத இடங்களில், மாணாக்கன் பெரும்பாலும் அந்த உறவுச் சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறான்.

ஆங்கிலேயர் நிலை வேறு. அங்கே தொழில் பழக வருபவனுக்காக ஆசானுக்குக் கொடுத்த பணத்தின்மேல் 1710இல் வரி விதித்தனர். அவ்வரிக் கணக்கு 1811 வரை உள்ளது. ஆசான் பெயர், ஊர், தொழில், பழகுநன் பெயர் ஆகியவை அதில் உண்டு. தொடக்கக் காலப் பதிவுகளில் தந்தை பெயரும் உண்டு. அறிவை மதித்தன்று, காசை எண்ணியே எழுதினர்! ஊர்ப் பொதுச் செலவில் தொழிலுக்கு விடப்பட்ட ஏழைச் சிறுவர்க்கு வரி இல்லை. ஆதலின் அக்கணக்கில் அவர்கள் பெயரும் இல்லை. இந்தியாவில் இப்போதுள்ள தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. அச்சட்டப்படி பழகுநர் ஒப்பந்தம் பதிவாக வேண்டும். தந்தையின் தறியடியில் தார் சுற்றிப் பழகிய சிறுவனுக்கு ஏது ஒப்பந்தம்?

அவன் பெயர் இருக்கக்கூடிய இடங்கள் சில உள. பட்டறையின் கூலிக் கணக்குச் சுவடி, முன்பணச் சீட்டு, நெசவாளர் கூட்டுறவுக் கழகத்தின் உறுப்பினர் ஏடு ஆகியவை அவை. கைத்தறி போய் விசைத்தறி வந்தபோது பல வீடுகளில் பழஞ்சுவடிகள் பழந்தாள் விலைக்குப் போயின. இன்று விசைத்தறிகளே இரும்பு விலைக்குப் போகின்றன. தறி போகும் முன் அதனடியில் உள்ள பெட்டியைத் திறந்து பார்த்தல் நன்று. முதுநெசவாளர் ஒவ்வொருவரிடமும் அவர் பெயர், கற்பித்தவர் பெயர், பழகிய ஊர், பழகிய ஆண்டு, தாம் பழக்கியவர் பெயர் ஆகிய ஐந்தையும் கேட்டு எழுத ஒரு நாற்பது பக்கச் சுவடி போதும். உயர்நிலைப் பள்ளி மாணவரே ஒரு கோடை விடுமுறையில் இதைச் செய்து முடிப்பர். பாவு பிணைத்தும் தார் சுற்றியும் வாழ்ந்த பெண்களை அப்பட்டியலில் முதலில் எழுதுக. கூலிக் கணக்கில் அவர்கள் உழைப்பு பெரும்பாலும் ஆடவர் பெயரிலேயே ஏறியுள்ளது.