‘ஷல்’ என்னும் ஒரு சொல்



இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனத் துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழும் நாம், நம் பிள்ளைகள் ஆங்கிலம் கற்க வேண்டுமென இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறோம். எத்தகைய ஆங்கிலம் என்பதை இன்று சிறிது சிந்திப்போம்.

பள்ளி இலக்கணத்தில் ‘ஐ ஷல் கோ’ என்றால் ‘நான் போவேன்’ என்பது பொருள். ஆலைக் கையேட்டிலோ அதே ‘ஷல்’ கட்டளையாகிறது. ஐ.எஸ்.ஓ. என்னும் பன்னாட்டுத் தர அமைப்பின் எழுத்து நெறிப்படி, ‘ஷல்’ கட்டாயம், ‘ஷுட்’ பரிந்துரை, ‘மே’ அனுமதி, ‘கேன்’ இயலும் தன்மை. நாமோ தமிழில் முன்னிரண்டையும் ‘வேண்டும்’ என்றும், பின்னிரண்டையும் ‘லாம்’ என்றும் எழுதிவிடுகிறோம்.

இதனால் விளையும் கேடு யாது? தொட்டிக்குள் இறங்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். அவ்வேலை யார் தலையில் விழுகிறது என்பதை இவ்வவைக்கு விளக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, நச்சுவாயுவை இயன்றவரை அகற்றாமல் எவரையும் உள்ளே இறங்கச் சொல்லவும் கூடாது, இறங்க விடவும் கூடாது என்றது. அதன் பின்னரும், தகுதி வாய்ந்தவர் தாமே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். அன்றேல், இறங்குபவர் சுவாசக் கருவியும் கயிறு பிணைத்த இடைவாரும் அணிந்திருக்க, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றது. அங்கே ஆண்ட சொல் ‘ஷல்’. ‘இறங்க விடவும் கூடாது’ என்றதால், ‘தொழிலாளி தானாக இறங்கினான்’ என்னும் சாக்குக்கும் அங்கே இடமில்லை.

இதையே கையேட்டில் ‘ஷுட்’ என்று எழுதினால் சோதனை வெறும் யோசனையாகிறது. ‘மே’ என்று எழுதினால் மேற்பார்வையாளரின் விருப்பமாகிறது. ‘மே நாட்’ என்பதோ ‘கூடாது’ என்றும், ‘இல்லாமலும் இருக்கலாம்’ என்றும் இருபொருள் படும். தடைக்கு ‘ஷல் நாட்’ என்றே எழுதுதல் நன்று. ‘சோதிக்கப்பட வேண்டும்’ என்று மட்டும் எழுதுவதும் போதாது. சோதிப்பவர் யார் என்பதையும் எழுத வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு ஆக்கிய அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரால் எவ்வித இயலாமையைச் சுமத்துவதையும் குற்றமாக்குகிறது. அங்கும் அமைந்த சொல் ‘ஷல்’ என்பதே.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் கையேடு எழுதும் பொறியாளர் ஆகலாம். அதைப் படித்துத் தந்தைக்குச் சொல்லும் பிள்ளையாகவும் இருக்கலாம். ‘கட்டாயம்’, ‘நன்று’, ‘அனுமதி உண்டு’, ‘இயலும்’ என நான்கையும் பிரித்தே எழுதுங்கள், பிரித்தே சொல்லுங்கள். அச்சொல்லை நம்பித்தான் ஒருவர் உள்ளே இறங்குகிறார்.