பீரோவுக்குள் ஒரு கிரீன் கார்டு

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் மனுப் போட்டு, கிரீன் கார்டு கிடைத்து, அங்கே சில வருஷம் இருந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊரே போதும்பா" என்று திரும்பிவிட்ட பெற்றோர் நம்மிடையே உண்டு. கார்டு பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு தூங்கும். அதில் போட்டிருக்கும் 10 வருஷம் முடிந்தால் எல்லாம் தானாக முடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள்.

அப்படி இல்லை. காலாவதியாவது அட்டை மட்டும்தான். நிரந்தரமாகத் தங்கும் தகுதி அல்ல. அந்தத் தகுதி இருக்கும்வரை, இங்கே வரும் வாடகை, வங்கி வட்டிகூட அந்நாட்டு வரிக் கணக்கில் சேரும்.

அந்தத் தகுதியை முறையாக விட்டுவிட 'ஐ-407' என்று ஒரு படிவம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. நிரப்பி, கையெழுத்திட்டு, கார்டையும் சேர்த்து அந்நாட்டுக் குடியேற்றத் துறைக்குத் தபாலில் அனுப்பலாம். நகலெடுத்து வைக்க மறக்காதீர்கள்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. நியாயமான பயம். ஆனால் தகுதியை விட்ட பிறகும் சுற்றுலா விசா கேட்க வழி இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேல் இங்கேயே இருந்துவிட்டுப் பழைய கார்டோடு போய் இறங்கினால், விமான நிலையத்தில் விசாரணைக்கு நிற்க வேண்டிவரலாம். தள்ளாத வயதில் அது வேண்டாமே.

இன்னொன்று. கடைசி 15 வரி ஆண்டுகளில் 8 ஆண்டுகள் இந்தத் தகுதியோடு இருந்தவர்களுக்கு, விடும்போது தனி வரி விதிகள் உண்டு. ஆகவே இன்றைக்கே பீரோவைத் திறந்து, கார்டு கிடைத்த தேதியைப் பாருங்கள்.