பிள்ளை வாயில் நுரை வந்தால்



நம் தொண்டைக்குக் கீழே இரண்டு குழாய்கள் உள்ளன. மூச்சுக்குழாய் நுரையீரலுக்குப் போகிறது. உணவுக்குழாய் இரைப்பைக்குப் போகிறது. கருவில் இவை ஒரே குழாயாகத் தோன்றும். பிறகு இரண்டாகப் பிரியும்.

சில பிள்ளைகளுக்கு இது சரியாகப் பிரிவதில்லை. உணவுக்குழாயின் மேல்பாதி அடைபட்டிருக்கும். கீழ்ப்பாதி பெரும்பாலும் மூச்சுக்குழாயோடு ஒட்டியிருக்கும். சுமார் 3,500 பிள்ளைகளில் ஒன்றுக்கு இப்படி இருக்கும். இது கிரகணத்தால் வருவதல்ல. தாயின் குற்றமும் அல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது? எச்சில் உள்ளே இறங்க வழியில்லை. அதனால் வாயில் நுரை வரும். துடைத்தாலும் மீண்டும் வரும். பால் கொடுத்தால் புரையேறும். உடம்பு நீலமாகும்.

அப்போது பாலை நிறுத்துங்கள். சேனை, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள். நுரையைத் துடைத்துக்கொண்டே இருங்கள். உடனே 108 வண்டியை அழையுங்கள்.

மருத்துவர் வாய் வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்ப்பார். அது பாதியில் நின்றுவிடும். எக்ஸ்ரேயும் எடுப்பார். பிறகு அறுவை செய்வார்கள். மூச்சுக்குழாயில் உள்ள ஓட்டையை மூடுவார்கள். உணவுக்குழாயின் இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். 1941இல் அமெரிக்க மருத்துவர் கேமரான் ஹைட் இதை ஒரே அறுவையில் செய்து வெற்றி பெற்றார். அதற்கு முன் இத்தகைய பிள்ளைகள் பிழைப்பது மிக அரிது.

திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை உண்டு. சித்தூருக்கு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி பக்கம். 2011இல் வந்த மத்திய அரசுத் திட்டப்படி, அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளம் பிள்ளைக்குச் சிகிச்சை இலவசம், வண்டியும் இலவசம்.

மந்திரித்துப் பார்க்கும் நேரத்தில் மருத்துவமனைக்குப் போய்விடலாம். பிள்ளை பிழைக்கும்.